அரை விரற்கடை

காலையில் முதல் வேலை
படங்களை நிமிர்த்துவது.
இருபத்து மூன்று சட்டகங்கள்.
ராத்திரி முழுக்க எம்-சாண்ட் லாரிகள்
புளியரை வளைவில் கியர் மாற்றும் அதிர்ச்சியில்
ஒவ்வொன்றும் கொஞ்சம் சாய்ந்திருக்கும்,
பெரும்பாலும் மேற்கே,
கேரளத்துக்குக் கிளம்பிவிட்டவை மாதிரி.

கொத்தனார் கடையில் வாங்கிய ரசமட்டம்.
குமிழி நடுவில் வந்து நிற்கும்வரை
மூச்சு விடுவதில்லை.

பிறகு துடைப்பம். பிறகு டேங்குக்கு மோட்டார்.
பத்து மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்தால் காப்பாளர்.
ஆறு மணிக்கு வாட்ச்மேன்.
டிரஸ்ட் கூட்டம் என்றால் செயலாளர், பொருளாளர்,
டீ வைக்கிறவள்.
இன்னொரு டிரஸ்டி என் தங்கை, ஷார்ஜாவில்.
கையெழுத்தைப் படமெடுத்து அனுப்புவாள்,
கூடவே ஒரு கும்பிடு பொம்மை.

வரி செக்போஸ்ட் இருந்த காலத்தில்
இது கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸ்.
செக்போஸ்ட் போனது, ஏஜென்ட் போனார்,
ரசீது குத்தும் கம்பி மட்டும் மேசைமேல் நிற்கிறது.
கரண்ட் பில்லை அதில்தான் குத்துகிறேன்.
குத்தும்போது ஒரு சந்தோஷம்.

சாரல் மாதங்களில் சுவருக்கு வேர்க்கும்.
ஆரியங்காவு ஷிஜி வரைந்த ரப்பர் மரங்களில்
நிஜப் பூஞ்சை ஏறிவிட்டது.
பயந்துகொண்டே போன் போட்டேன்.
"இருக்கட்டே சேச்சி,
மரத்திலும் வருமல்லோ" என்றாள்.

போன வருஷம் வந்தவர்கள்
முன்னூற்றுப் பன்னிரண்டு பேர்.
அதில் பாத்ரூம் கேட்டு வந்தவர்கள் எத்தனை என்று
தென்காசி ஆடிட்டர் ஆவுடையப்பன் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.
பாத்ரூமுக்குப் போகும் வழியைப்
படங்களுக்கு நடுவே விட்டது யார்?
நான்தான்.

மாசானம் வியாழக்கிழமைகளில் வருவார்.
வைக்கோல் லாரி, புனலூர் வரை.
கால் கழுவி, கைலியில் முகம் துடைத்து,
இடமும் வலமும் பார்க்காமல் வெளியேறுவார்.
அன்றைக்கு நின்றார்.

"இது அரை வெரக்கடை சரிஞ்சிருக்கு யக்கா."

கடையநல்லூர் ஜைத்தூன் வரைந்த கருப்பாநதி அணை.
ரசமட்டத்தை எடுத்துவந்து சட்டத்தில் வைத்தேன்.
குமிழி நடுவில், அசையாமல்.
கொஞ்சம் பெருமையாகவே காட்டினேன்.

"சட்டம் சரியாத்தான் இருக்கு.
உள்ள தண்ணிதான் சரியுது.
இருவது வருசமா லோடு சரியுதான்னு
கண்ணாடியில பாத்தே ஓட்டுதேன்,
எனக்குத் தெரியாதா?"

எட்டு மாதம் தினமும்
நான் பார்த்தது சட்டத்தை.

ஜைத்தூனிடம் கேட்டேன்.
ரொம்ப நேரம் யோசித்து, பிறகு சிரித்தாள்.
கரையில் உட்கார இடமில்லையாம்.
ஸ்கூட்டியை சைடு ஸ்டாண்டில் போட்டு
அதன்மேல் உட்கார்ந்து வரைந்தாளாம்.
வண்டி சாய்ந்த அளவு அணையும் சாய்ந்திருக்கிறது.

மூடிய பிறகு படத்தின் முன்னால் நின்றேன்.
இடது மூலையை மெல்லத் தூக்கினேன்.
அரை விரற்கடை.
தண்ணீர் மட்டத்துக்கு வந்தது.
சட்டம் கோணிக்கொண்டது.

இப்போது காலையில்
இருபத்திரண்டை நிமிர்த்துகிறேன்,
ஒன்றைச் சாய்க்கிறேன்.

தக்காளி லாரி கிளீனர், கோழி வண்டிக்காரர்,
கூட்டமாய் வந்த ஐயப்ப சாமிகள்,
பாத்ரூம் போகிற போக்கில் யாராவது ஒருவர்
நின்று, பார்த்து,
நாக்கைச் சப்புக் கொட்டி
ஈரக்கையால் அதை நேராக்கிவிட்டுப் போகிறார்.
திரும்பச் சாய்க்கிறேன்.
மத்தியானத்துக்குள் இன்னொருவர் நேராக்குகிறார்.
சட்டத்தின் அடிமூலையில் விரல்தடம்
பாசி மாதிரி படிந்திருக்கிறது.

'தொடாதீர்கள்' பலகையைக் கழற்றினேன்.
அது தொங்கிய ஆணி சும்மா இருக்கிறது.
சோப்புத் துண்டு தீர்ந்துவிட்டது, வாங்கவேண்டும்.